ஊற்றியதற்கு மட்டும் கணக்கா?

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு சின்னச் சண்டை. ஆரம்பித்தவன் நான்தான். தெருவில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால், என் பக்கத்து நியாயத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான்கு வீடு தள்ளி இருப்பவர் என்னைவிடப் பத்து வயது சிறியவர். ஓய்வு பெற்று இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை காரை வாசலில் நிறுத்தி, இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் தானே மாற்றிக்கொண்டிருந்தார். பால் வாங்கப் போன நான் நின்று பார்த்தேன். வேலை சுத்தமாக இருந்தது. மனதுக்குள் பாராட்டவும் செய்தேன். கடைசியில் பழைய ஆயில் இருந்த டப்பைத் தூக்கினார். வாசலோரச் சாக்கடையின் சிமெண்டு மூடியைக் காலால் நகர்த்தினார். கொட்டினார். பின்னாலேயே ஒரு வாளித் தண்ணீர்.

"என்ன சார் இது?" என்றேன்.

"பழைய ஆயில் சார். வேற எங்க ஊத்தறது?"

"சாக்கடையிலயா ஊத்துவாங்க?"

"பட்டறையில மட்டும் என்ன, பூஜை பண்ணியா வெக்கறாங்க? மூணு லிட்டர் சார். இதுக்குப் போயி..."

குரல் உயர்ந்தது. இரண்டு வீட்டு ஜன்னல்கள் திறந்தன. வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி வந்து என்னை அழைத்துப் போனாள்.

அன்று மாலை கடற்கரைச் சாலையில் நடக்கும்போது இதைச் சொன்னேன். நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி சொன்னது: "இதுக்குத்தான் வீட்டுல இந்த வேலையே கூடாது. பட்டறையில விட்டுட்டு வர வேண்டியதுதானே?" இன்னொரு கட்சி சொன்னது: "ஊர்ல ஓடற சாக்கடைக்கு மூணு லிட்டர் ஒரு கணக்கா? உமக்குப் பொழுது போகல." இரண்டு கட்சியுமே தப்பு என்பது என் கட்சி. அதில் இப்போதைக்கு நான் ஒருவன்தான் உறுப்பினர்.

முதல் கட்சிக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

நானும் வருஷக்கணக்காகப் பட்டறையில்தான் விட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறை, குமாஸ்தா புத்தி போகாமல், ஃபில்டரின் அடியில் வெள்ளைப் பெயிண்டால் தேதி எழுதி வைத்தேன். வண்டி சர்வீஸ் முடிந்து வந்தது. பில்லில் "ஆயில் ஃபில்டர் – 1" என்று இருந்தது, பணமும் வாங்கியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால் என் கையெழுத்தில் போன வருஷத் தேதி சிரித்துக்கொண்டிருக்கிறது. திரும்பிப் போய்க் கேட்டேன். "பையன் மறந்திருப்பான் சார்" என்றார்கள். பையன் மறக்கலாம், பில் போட்டவர் மறக்கவில்லையே? எல்லாப் பட்டறையும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்ணால் பார்க்காத வேலைக்குக் காசு கொடுத்துவிட்டு, "நல்லா ஓடுது" என்று நம்மை நாமே தேற்றிக்கொள்வது எனக்கு அன்றோடு போதும் என்றாகிவிட்டது.

இது பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. என் கார் பழைய ஆல்டோ. ஏறக்குறைய மூன்று லிட்டர் ஆயில் பிடிக்கும். இன்ஜினைச் சில நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினால் ஆயில் இளகி நன்றாக வடியும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவைத்துவிட்டு, கீழே டப் வைத்து ட்ரெயின் போல்ட்டைக் கழற்ற வேண்டும். நிதானமாக வடியவிட வேண்டும். போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு மாட்ட வேண்டும். பலம் காட்டி இறுக்கினால் மரை போய்விடும், பிறகு செலவு ஆயிலில் நிற்காது.

ஃபில்டரைக் கழற்றும்போது ஒன்றை மறக்கவே கூடாது. பழைய ரப்பர் வளையம் சில சமயம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அதைப் பார்க்காமல் அதன் மேலேயே புதிய ஃபில்டரை மாட்டினால், ஓடும்போது இரண்டு வளையத்துக்கும் நடுவே ஆயில் பீறிட்டு, கொஞ்ச தூரத்திலேயே இன்ஜின் வறண்டு பிடித்துக்கொள்ளும். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, புதிய ஃபில்டரின் வளையத்தில் துளி ஆயில் தடவி, கையாலேயே திருக வேண்டும். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று, அவ்வளவுதான். புதிய ஆயிலை ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, எங்கும் ஒழுகுகிறதா பார்த்து, நிறுத்தி, ஐந்து நிமிஷம் கழித்து டிப் ஸ்டிக்கில் இரண்டு கோட்டுக்கு நடுவே நிற்கிறதா என்று பார்த்தால் முடிந்தது. அதிகமாக ஊற்றுவதும் கெடுதல்தான்.

"வயசு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது, இருபது வயதுப் பையனானாலும் சரி. ஜாக்கி வழுக்கினால் திரும்ப எழுந்து வரமாட்டான். நான் ஒரு வெல்டிங் கடையில் இரும்பில் இரண்டு சாய்மேடை செய்து வாங்கியிருக்கிறேன். முன் சக்கரங்களை அதன்மேல் ஏற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் குனிவேன். போல்ட்டைத் திறக்க இப்போது என் கைக்கு வலு போதவில்லை. எதிர்வீட்டுப் பையன் அந்த ஒரு திருப்பலை மட்டும் செய்து தருகிறான். அதுவும் முடியாதவர்கள் டிப் ஸ்டிக் குழாய் வழியாகவே ஆயிலை உறிஞ்சி எடுக்கும் கைப்பம்பு வாங்கிக்கொள்ளலாம்.

புதுக் கார் வைத்திருப்பவர்கள், வாரண்டி முடியும் வரை கம்பெனி சொன்ன இடத்திலேயே விடுங்கள். அதற்குப் பிறகாவது திறந்து பாருங்கள். நம்மைப் போன்றவர்கள் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் கடற்கரைக்கும் போய்வருகிறோம். வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாது. "கி.மீ. ஆகலையே" என்று இரண்டு மூன்று வருஷம் ஆயிலை மாற்றாமல் விடுகிறவர்கள் உண்டு. இன்ஜின் முழுதாகச் சூடேறாத குட்டிப் பயணங்களில்தான் ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் சேர்ந்துகொண்டே போகும். என் காரின் கையேடு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது என்கிறது. நமக்கு எப்போதும் முந்துவது வருஷம்தான்.

இன்னொன்று. ஆயில் கறுத்துவிட்டது என்றாலே கெட்டுவிட்டது என்று பயமுறுத்திக் காசு பிடுங்குவார்கள். கரியையும் அழுக்கையும் இன்ஜினில் படியவிடாமல் தன்னிலேயே சுமந்துகொள்வதற்கான மருந்து ஆயிலில் கலந்திருக்கிறது. கறுப்பது அது தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். இதெல்லாம் தெரிந்தவனை யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது. அதனால்தான் வீட்டில் செய்யுங்கள் என்கிறேன். மிச்சமாகும் காசுக்காகச் சொல்லவில்லை.

இப்போது இரண்டாவது கட்சி. மூன்று லிட்டர்க் கட்சி.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். பிரெஞ்சில் ஆயில் மாற்றுவதற்கு 'விதான்ஜ்' என்று பெயர். 'விதே' என்றால் காலி செய்வது. மலக்குழியைக் காலி செய்வதற்கும் ஒரு காலத்தில் இதே சொல்தான். தமிழில் "ஆயில் மாத்தணும்" என்கிறோம், இங்கிலீஷிலும் அப்படியே. நாம் புதிதாக ஊற்றுவதை நினைத்துச் சொல்கிறோம். பிரெஞ்சுக்காரன் வெளியே எடுப்பதை நினைத்துச் சொல்கிறான். வேலையின் பாதி வெளியே எடுப்பதுதான், அந்தப் பாதியைத்தான் நாம் பேச்சிலேயே விழுங்கிவிடுகிறோம்.

எண்பதுகளில் நான் ஒரு துறையின் வாகனப் பிரிவில் ஸ்டோர் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். ஜீப்புகளுக்கு வாங்கிய ஆயில் ஒரு பக்கம் வரவு. இறக்கிய பழைய ஆயில் பீப்பாயில் சேரும், அதற்குத் தனிப் பக்கம். பீப்பாய் நிறைந்ததும் தேய்ந்த டயர், செத்த பேட்டரியோடு சேர்த்து ஏலம். ஒரு வருஷம் தணிக்கைக்கு வந்தவர் இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "ஊற்றியதற்குக் கணக்கு இருக்கிறது. எடுத்தது ஏன் இவ்வளவு குறைகிறது?" என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டார். எரிந்தது எவ்வளவு, ஒழுகியது எவ்வளவு, பீப்பாயிலிருந்து யார் வீட்டுக்குப் போனது எவ்வளவு என்று வண்டி வண்டியாக விளக்கம் கேட்டு, பதில் எழுதிக் கை ஓய்ந்துபோனேன். அன்றைக்கு அவரைத் திட்டினேன். இன்றைக்கு அந்தக் கேள்வியைத்தான் நான் தெருவில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்படியானால் நான் யோக்கியனா? இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

தொண்ணூறுகளில் முத்தியால்பேட்டையில் எங்கள் பழைய வீட்டில் இருந்தோம். செகண்ட் ஹேண்ட் பிரீமியர் பத்மினி ஒன்று வைத்திருந்தேன். பட்டறையில் விட வசதி இல்லாத காலம், ஒரு மெக்கானிக் வீட்டுக்கே வந்து ஆயில் மாற்றித் தருவார். பழைய ஆயிலைப் பின்பக்கக் கொட்டகையின் மரக்கால்களைச் சுற்றி ஊற்றுவோம். கரையான் வராது என்பார்கள். உண்மையாகவே வரவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை, ஆறு வருஷம். கணக்குப் போட்டால் முப்பத்தாறு லிட்டர். கொட்டகைக்கும் கிணற்றுக்கும் பதினைந்து அடி தூரம்.

ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு அம்மா கிணற்றடியிலிருந்து கூப்பிட்டாள். "தண்ணியில மயில் கழுத்து தெரியுதுடா, வந்து பாரு." வாளியில் பார்த்தேன். நீலமும் பச்சையுமாக ஒரு படலம், காற்றுக்கு நெளிந்தது. அம்மா அன்றோடு அந்தத் தண்ணீரில் உலை வைப்பதை நிறுத்திவிட்டாள். அறுபது வருஷம் அந்தக் கிணற்றில் சேந்திக் குடித்தவள், அதன்பிறகு தெருக்குழாயில் குடத்தோடு நின்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிதந்தது என் ஆயில்தான் என்று எந்த ஆய்வுக்கூடமும் சொல்லவில்லை. நான் எங்கும் கொடுத்துக் கேட்கவும் இல்லை. கேட்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும்.

அது ஈயம் கலந்த பெட்ரோலின் காலம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில்தான். அதற்கு முன் பெட்ரோலில் இருந்த ஈயத்தில் ஒரு பங்கு இன்ஜின் ஆயிலிலும் இறங்கியது. அதை நான் கிணற்றடியில் ஊற்றினேன். இன்றைய பழைய ஆயிலில் ஈயம் குறைந்திருக்கலாம். தேய்ந்த உலோகத் துகளும், எரிந்ததால் உண்டாகும் புற்றுநோய்க்குக் காரணமான பொருள்களும் இருக்கின்றன. மத்திய அரசின் 2016-ஆம் வருஷத்து விதிகளில் பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரு முறை காரிலிருந்து இறக்கும் ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. அதை ஐம்பது பேருக்கு ஒரு வருஷத் தண்ணீர் என்று வேறு விளக்குகிறது. மூன்று லிட்டர்க் கட்சிக்காரர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கட்டும்.

நம் ஊரில் சாக்கடையில் கொட்டுவது எங்கே போகிறது? பெரிய வாய்க்காலோ உப்பனாறோ, கடைசியில் கடல். மண்ணில் கொட்டுவது கீழே போகிறது. நாம் குடிப்பது நிலத்தடி நீர். கடலோரத்தில் அது ஏற்கெனவே உப்பேறிக்கொண்டிருக்கிறது. பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தைச் சுற்றித்தான் தினமும் நடக்கிறோம். கதை எல்லோருக்கும் தெரியும். ஊருக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஆயி தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டினாள் என்கிறார்கள். அதை நினைத்து மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் மண்டபம் கட்டினார்கள். தண்ணீருக்காக வீட்டை இடித்தவளுக்கு மண்டபம் வைத்திருக்கும் ஊரில், வீட்டு வாசலிலேயே தண்ணீரைக் கெடுக்கிறோம். படம் எடுத்துக்கொள்ள மட்டும் அந்த மண்டபம் வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாரே, பட்டறையில் என்ன செய்கிறார்கள் என்று. அது நல்ல கேள்வி. அன்றைக்குப் பதில் தெரியவில்லை, பிறகு போய் விசாரித்தேன். எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒரு பீப்பாயில் சேர்த்துவைக்கிறார். வாங்க ஆள் வருகிறார்கள். லிட்டருக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து எடுத்துப்போகிறார்கள். "அவங்க எங்க கொண்டுபோறாங்க?" என்றேன். சிரித்தார். சென்ட்ரிங் பலகையில் தடவக் கொஞ்சம் போகும், செங்கல் சூளைக்குக் கொஞ்சம் போகும், நல்ல கம்பெனிக்கும் போகும் என்றார். நல்ல கம்பெனி என்றால் சுத்திகரித்து மறுபடி எண்ணெயாக்குகிறவர்கள். ஆயில் தேய்ந்து தீர்ந்துபோகிற பொருள் கிடையாது, அழுக்காகிறது. அழுக்கை நீக்கினால் மறுபடி ஆயில்தான். அந்த வழிக்குப் போனால் அது சரக்கு. சாக்கடைக்குப் போனால் விஷம்.

ஆக, பட்டறைக்காரரைக் காட்டி நாம் தப்பிக்க முடியாது. அவரிடம் பீப்பாயாவது இருக்கிறது.

என் மாமா மகன் ஒருவர் சொல்தாவாக இருந்து, ஓய்வுபெற்று, பாரீஸ் பக்கத்திலேயே தங்கிவிட்டவர். அங்கே போயிருந்தபோது அவர் தன் காருக்கு விதான்ஜ் செய்ததைப் பார்த்தேன். பழைய ஆயிலைக் கேனில் ஊற்றி இறுக மூடி, ஊராட்சியின் கழிவு சேகரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார். தெஷெத்ரி என்பார்கள். ஆயிலுக்கென்று தனித் தொட்டி இருந்தது. ஊற்றினார், வந்தார். காசு கேட்கவில்லை, ஏன் எதற்கு என்றும் கேட்கவில்லை. அவர் இங்கே லீவில் வரும்போது சிகரெட் துண்டைத் தெருவில்தான் போடுகிறார். அதே மனுஷர்தான். அங்கே தொட்டி வைத்திருக்கிறார்கள், அதனால் ஊற்றுகிறார்.

இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. 2024 ஏப்ரல் 1 முதல், மசகு எண்ணெய் தயாரிக்கிறவர்களுக்கும் இறக்குமதி செய்கிறவர்களுக்கும் பயன்படுத்திய எண்ணெயை மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பு உண்டு என்று விதி வந்திருக்கிறது. நல்லது. ஆனால் நான் ஆயில் வாங்கப் போன நான்கு கடைகளில், "பழசைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டேன். நால்வரும் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். பழைய பேட்டரியைக் கொடுத்தால் விலை குறைக்கிறார்களே, அதைப் போல ஒவ்வொரு ஆயில் கடை வாசலிலும் ஒரு பீப்பாய் வைக்கச் சொன்னால் என்ன? நகராட்சிக் குப்பை வண்டியில் மாதம் ஒரு நாள் ஒரு கேன் கட்டினால் என்ன? விதி எழுதியவர்கள் கம்பெனி வரை வந்துவிட்டார்கள். தெருமுனை வரை இன்னும் வரவில்லை.

வரும் வரை நான் செய்வது இது. புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி மூடிவிடுகிறேன். மண்ணெண்ணெய், பெட்ரோல், ரேடியேட்டர் தண்ணீர் எதையும் அதில் கலப்பதில்லை. கலந்தால் சுத்திகரிக்க உதவாது. பழைய ஃபில்டரை ஓட்டை போட்டு ஒரு ராத்திரி கவிழ்த்துவைத்தால் உள்ளே நிற்பதும் வடிந்துவிடும். கேனை அந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, நல்ல கம்பெனி ஆள் வரும்போது போடுங்கள் என்று சொல்லி, ஒரு ரசீது கேட்டேன். "மூணு லிட்டருக்கு ரசீதா சார்?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனாலும் என் நோட்டில் கையெழுத்துப் போட்டார். அந்த நோட்டில் தேதி, கி.மீ., ஊற்றியது, எடுத்தது, யாரிடம் கொடுத்தது என்று ஐந்து கட்டம். ஊற்றியதற்கும் எடுத்ததற்கும் வித்தியாசம் அதிகமானால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது அல்லது ஒழுகுகிறது என்று அர்த்தம். தணிக்கைக்காரர் கேள்வி காருக்கும் நல்லதுதான்.

என் கட்சியின் கொள்கை ஒரு வரி: எடுத்த ஆயிலுக்குக் கணக்கு சொல்ல முடியாதவர், அந்த போல்ட்டைத் தொட வேண்டாம். தொடத் தெரிந்தவர் பட்டறைக்கு ஓட வேண்டாம்.

எங்கள் பின்தாழ்வாரத்தில் இருபது லிட்டர் கேன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். தெருவில் யார் வேண்டுமானாலும் பழைய ஆயிலைக் கொண்டுவந்து ஊற்றலாம், நான் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். நோட்டில் பெயர் எழுதுவேன், அவ்வளவுதான் தொந்தரவு. நான்கு வீடு தள்ளி இருப்பவரிடமும் சொல்லி அனுப்பினேன். இன்னும் பேசவில்லை. அடுத்த ஆயில் மாற்ற அவருக்கு ஒரு வருஷம் இருக்கிறது. காத்திருக்கிறேன்.